கோதம்பா ரொட்டிக்கு நான் தேடிய ஊர்

எங்கள் வீட்டில் ரொட்டிக்கு முன்பெயர் கிடையாது. புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துக் கையளவு தட்டிக் கல்லில் போட்டு எடுப்பது ரொட்டி. பக்கத்து வீட்டில் குரக்கன் மாவில் சுட்டாலும் ரொட்டி. மாவும் கனமும் மாறலாம், பெயர் ஒன்றுதான். ஆகவே கண்டிக்கு வேலைக்கு வந்த முதல் வாரத்தில், சந்தைக்குப் பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடையில் ஒருவர், "கோதம்பா ரொட்டி ரெண்டு" என்று கேட்டதும் நான் குடித்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். ரொட்டி சரி. கோதம்பா என்றால் என்ன?

பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். "தின்னு பாத்தா தெரியும்" என்றார். தின்று பார்த்தேன். தெரியவில்லை. மேலும் இரண்டு தின்றேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கோர்ட்டுக்குக் கிட்டே ஒரு பிரக்கிராசியாரின், அதாவது வக்கீலின், கந்தோரில் காணி உறுதிகளைப் பார்த்து நகலெழுதும் வேலை. வடக்கே ஓடை, தெற்கே வேலி, கிழக்கே இன்னாரின் தோட்டம், மேற்கே ரோட்டு என்று காலையிலிருந்து மாலை வரை எழுதுவேன். கை எழுதிக்கொண்டிருக்கும், புத்தி வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் கத்தோலிக்கச் சுவாமிமார் எனக்குக் கொஞ்சம் லத்தீனும், எந்தச் சொல்லையும் வேரோடு பிடுங்கிப் பார்க்கும் பழக்கமும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். லத்தீன் ஒரு வருடத்தில் மறந்துபோனது. பழக்கம் போகவில்லை. நாற்காலியைக் கதிரை என்று யாராவது சொன்னால் அது போர்த்துக்கீசர் விட்டுப்போனது என்பேன். அலுமாரி என்றால் அதுவும் என்பேன். பாண் என்றால் அதுவும்தான். கந்தோரில் என்னோடு வேலை செய்தவர்கள் கொஞ்ச நாளில் கதிரையை "அது" என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

அந்தக் கடையின் முதலாளி அக்குறணைக்காரர். காலையில் முதல் பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போவார். அரபு எழுத்தில் எழுதிய தமிழைத் தண்ணீர்போல வாசிப்பார், தமிழ் எழுத்தில் எழுதிய தமிழ் அவருக்கு வராது. ஆனாலும் கொழும்பிலிருந்து சனிக்கிழமை மதிய ரயிலில் வரும் வாரப் பத்திரிகையை ஒரு வாரம்கூடத் தவறாமல் வாங்குவார். வாங்கி, வாசிக்கத் தெரிந்த ஆள் யாராவது வரும்வரை மேசையில் மடித்து வைத்திருப்பார். எனக்குச் சனிக்கிழமை அரை நாள் வேலை. நான் கையில் ஒரு பழைய புத்தகத்தோடு உள்ளே நுழைந்ததைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தம்பி, சத்தமா வாசிங்க. அடுப்படியிலயும் கேக்கணும்."

அன்றிலிருந்து நான் அந்தக் கடையின் பத்திரிகை வாசிப்பவன். அடுப்புக்கும் முதலாளியின் மேசைக்கும் நடுவிலிருந்த வாங்கில் உட்கார்ந்து, தலையங்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை எதையும் விடாமல் வாசிப்பேன். பஸ்காரர், மூட்டை தூக்குகிறவர்கள், அக்குறணையிலிருந்து சாமான் வாங்க வந்த வியாபாரிகள் என்று பதினைந்து இருபது பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் என் முன்னால் இரண்டு ரொட்டியும் ஒரு கிண்ணம் இறைச்சி ஆணமும் வரும்.

ரொட்டி போடுகிறவருக்கு முப்பது வயதுக்கு மேல் இராது. மெலிந்த ஆள். எல்லோரும் அவரை ரொட்டி நானா என்பார்கள். நானா என்றால் முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். இந்தியக் கரையிலிருந்து வந்து இங்கே கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம்கள் கண்டியில் நிறையப் பேர். இவரும் அந்தப் பக்கத்து ஆள்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரும் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வாய் பேசாததைக் கை பேசும். விடியற்காலையில் பிசைந்த மாவை உருண்டையாக்கி, எண்ணெயில் ஊறவிட்டு, ஈரத்துணி போட்டு மூடி வைத்திருப்பார். ஓர் உருண்டையை எடுத்து எண்ணெய் பூசிய பலகையில் உள்ளங்கையால் அழுத்துவார். பிறகு விளிம்பைப் பிடித்துத் தூக்கி ஒரு வீச்சு. துவைக்கிற கல்லில் ஈரத்துணியை அறைந்த மாதிரிச் சத்தம் வரும். நாலாவது வீச்சில் பின்னாலிருக்கும் பலகை தெரிகிற அளவுக்கு மாவு மெலிந்துவிடும். நாலு பக்கமும் மடித்துக் கல்லில் போட்டால் பொங்கிப் பொங்கி அடங்கும்.

பெயரைப் பற்றி நான் கேட்காத ஆள் அந்தக் கடையில் இல்லை.

முதலாளி ஒரு கணமும் யோசிக்கவில்லை. "அரபுப் பேர் தம்பி. எங்கட மூத்தாப்பாமார் கப்பல்ல வரக்குள்ள கொண்டு வந்த சாமான்."

"அரபியில் என்ன அர்த்தம் முதலாளி?"

"அர்த்தம் ஈக்கும். ஆலிம்சாவுட்டக் கேக்கணும்."

"கேட்டீங்களா?"

"அவர் வந்தா ஆறு ரொட்டி தின்னுவார். வாயில இடம் ஈந்தாத்தானே கேக்க?"

கலகெதர பஸ்ஸை ஓட்டுகிற டிரைவர் சிங்களவர். காலை பதினொரு மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் பஸ்ஸை எதிரே நிறுத்திவிட்டு ரொட்டி தின்ன வருவார். தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார், ஆனால் தயங்கவேமாட்டார். என்னை மாத்தயா என்பார். சிங்களத்தில் அது ஐயா மாதிரி. என் வயதுக்கு அது கிண்டல்.

"மாத்தயா, இது சிங்களம். கொட எண்டா குவியல். அம்ப எண்டா மாங்கா. அங்க பாருங்க" என்று எண்ணெய்த் தட்டில் கும்பலாகக் கிடந்த உருண்டைகளைக் காட்டினார். "மாங்காக் குவியல் தானே?"

"பேர் கொட இல்லையே, கோத தானே?"

"ரொட்டி வாயில இருந்தா அப்பிடித்தான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்.

ஸ்டேஷனில் டிக்கட் கொடுக்கும் கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். தானே வாசிக்கத் தெரிந்தவர்தான். ஆனாலும் சனிக்கிழமைகளில் நான் வாசிப்பதைக் கேட்க வருவார், பிழை பிடிக்க. அவருக்கு என் ஆராய்ச்சி பிடிக்கவில்லை.

"இதிலை என்ன தம்பி கிடக்கு? கோதுமை எண்ட சொல்லுத் தேஞ்சு கோதம்பா. முடிஞ்சுது கதை."

"தேய்ந்தால் குறையத்தானே வேணும்? இது நீண்டிருக்கே?"

"உமக்கு வாய் நீளம். அதுக்கு நான் என்ன செய்ய?"

அவர் சொன்னதில் பாதி சரி என்று எனக்கும் பட்டது. ஆனால் கோதுமை எப்படி அந்த ஒலியைப் பெற்றது? யாழ்ப்பாணத்தில் அப்படிச் சொல்வதில்லை. தோட்டத்தில் சொல்வதில்லை. சிங்களத்தில் கோதுமைக்குத் திரிங்கு என்று பெயர், அதுவும் போர்த்துக்கீசர் தந்ததுதான். நடுவில் ஓர் ஊர் இருக்கவேண்டும், அங்கே வாயில் புரண்டு இந்த உருவத்துக்கு வந்திருக்கவேண்டும். ஒரு வாரம் முழுவதும் தலதா மாளிகைக்கு வரும் யாத்திரிகர்களோடு சேர்த்து, கோதமர் என்ற புத்தரின் திருநாமத்தோடு ரொட்டியை முடிச்சுப்போட்டுப் பார்த்தேன். அதை வாய்திறந்து சொல்லாதது என் நல்ல காலம்.

ரொட்டி நானாவிடம் கேட்டால், "பேரை வெச்சு என்ன செய்ய? சூடா இருக்கக்குள்ள தின்னுங்க" என்பார்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் ஹந்தானை மலைப் பக்கமிருந்து மழை வந்து ரோட்டை மறைத்துவிட்டது. முதலாளி தொழப் போயிருந்தார். கடையில் நானும் ரொட்டி நானாவும்தான். அவர் புதிதாக வந்த மாச் சாக்கின் வாயைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் இம்முறை ரொட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

"நானா, உங்க ஊர்ல இந்த மாவுக்கு என்ன பேரு?"

"கோதம்புப் பொடி" என்றார், நூலைப் பல்லால் கடித்தபடி.

நான் எழுந்து நின்றேன். அவரும் நிமிர்ந்தார்.

"எந்த ஊர் நானா?"

மழையைப் பார்த்தார். கடைக்குள் வேறு யாருமில்லை என்பதையும் பார்த்திருப்பார். "மலையாளம். கோழிக்கோட்டுக்குத் தெக்க, ஒரு ஆத்தங்கரை. அங்க கோதம்பு எண்டுதான் சொல்லுவோம். எங்கட ஆக்கள் இங்க வந்து கடை போட்டு, கோதம்பு ரொட்டி எண்டு வித்திருப்பாங்க. வாங்கித் தின்ன ஆக்கள் கோதம்பா எண்டு சொல்லியிருப்பாங்க. இதுக்குப் போய் ஒரு வருசம் அலையுறீங்களே தம்பி."

பிறகு அவர் இன்னும் சொன்னார். முன்பு கொழும்பில் ஒரு கடையில் நின்றதாகவும், அங்கே ஊர் எது என்று கேட்டவர்களுக்கு உள்ளதைச் சொன்னதாகவும், மலையாளத்து ஆட்கள்மேல் அங்கே கோபம் கிளம்பியபோது அந்தக் கடைக்கு வருகிறவர்கள் குறைந்து தன்னை நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். "இங்க ஒருத்தரும் கேக்கல்ல. நானும் சொல்லல்ல. இந்த இடமும் போச்செண்டா எனக்குக் கப்பல்தான்." எல்லாம் என் காதில் விழுந்தது. தலையைக்கூட ஆட்டினேன். ஆனால் மனத்துக்குள் நான் கட்டுரையின் முதல் வசனத்தை எழுதத் தொடங்கியிருந்தேன்.

மழை விட்டதும் ஓடிப்போய் அன்றே எழுதி முடித்தேன். ஆறு பக்கம். அரபியை ஒரு பந்தியில் மறுத்தேன், மாங்காயை ஒரு பந்தியில் ரசித்தேன். நாலாவது பந்தியில் விடை. பள்ளிக்கூடத்தில் ஒரு சுவாமியார் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது, பிறர் சொன்னதை அவர் சொன்னார் என்று சொல்லாமல் எழுதுவது களவு என்று. நான் களவாடவில்லை. "இவ்வுண்மையை எமக்குரைத்தவர், கண்டிச் சந்தைக்கு அயலிலுள்ள தேநீர்க் கடையில் ரொட்டி போடுபவரும் மலையாள நாட்டைச் சேர்ந்தவருமான அன்பராவார்" என்று, எழுத்து எழுத்தாக, அழகான கையெழுத்தில் எழுதித் தபாலில் போட்டேன். பத்து நாளில் ஆசிரியரிடமிருந்து அட்டை வந்தது. விரைவில் பிரசுரமாகும் என்றிருந்தது. அட்டையைக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். முதலாளி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் ஒரு சுற்றுத் தேத்தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

கொழும்பில் கிளம்பிய அந்தக் கோபம், கையெழுத்து வாங்கும் ஒரு தாளாகக் கண்டிக்கு வந்தது அடுத்த வாரம். மலையாளிகளின் கடைக்குப் போவதில்லை, அவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைப்பதில்லை என்று பஸ்காரரிடமும் வெர்க்‌ஷாப் ஆட்களிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். மலையாளத்திலிருந்து வந்தவர் எந்த ஊராக இருந்தாலும் இங்கே எல்லோருக்கும் கொச்சிதான். டிரைவர் அதில் கையெழுத்து வைத்துவிட்டு நேரே ரொட்டி தின்ன வந்தார்.

"எங்க மல்லி வெர்க்‌ஷாப்ல பத்து வருசம்" என்றார் என்னிடம். மல்லி என்றால் தம்பி. "கொச்சி ஆள் ஒருத்தன் வந்தான், பாதிச் சம்பளத்துக்கு. இப்ப மல்லி வீட்டுல இருக்கான். மூணு பிள்ள. என்ன செய்ய மாத்தயா? நான் கையெழுத்து வைக்கத்தானே வேணும்?" பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "நானா, நல்லா முறுக விடு" என்றார்.

ரொட்டி நானா முறுக விட்டார். தட்டில் வைத்துத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். டிரைவர் அவர் தோளில் தட்டிவிட்டுத் தின்னத் தொடங்கினார். எனக்கு முன்னால் இருந்த ரொட்டி ஆறிப்போனது. மழையன்று காதில் மட்டும் விழுந்தவை எல்லாம் அப்போதுதான் மனத்தில் விழுந்தன.

அன்று மாலையே ஆசிரியருக்குக் கடிதம் எழுதினேன், கட்டுரையைப் போடவேண்டாம் என்று. பதில் இல்லை. இன்னொன்று எழுதினேன், நாலாவது பந்தியையாவது நீக்குங்கள் என்று. அதற்கும் இல்லை. ரொட்டி நானாவிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை போனேன். முதல் தடவை கடையில் கூட்டம். இரண்டாம் தடவை அவர் தாமே என்னைக் கூப்பிட்டு, ஊரிலிருந்து கடிதம் வந்திருப்பதாகவும் மகள் நடக்கத் தொடங்கிவிட்டாளாம் என்றும் சொன்னார். மூன்றாம் தடவை ஒரு தடையும் இருக்கவில்லை. நான்தான் சொல்லவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை பத்திரிகை வந்தது. ஸ்டேஷன் கிளாக்கர் ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டை இறக்கும்போதே பிரித்துப் பார்த்துவிட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"தம்பீ, வந்திட்டுது! முழுப் பக்கம்!"

கடையில் அன்று வழக்கத்தைவிடக் கூட்டம். முதலாளி வாங்கைத் தம் சால்வையால் தட்டிவிட்டு என்னை உட்காரவைத்தார். "எல்லாரும் வாயை மூடுங்க. நம்மட தம்பி எழுதினது. அடுப்படியிலயும் கேக்கணும்." டிரைவர் முன்வரிசையில், தட்டு மடியில். "மாங்கா இருக்கா மாத்தயா?"

"இருக்கு."

"அப்ப வாசி."

வாசித்தேன். தோட்டத்து ரொட்டிக்கு வந்தபோது தலையாட்டினார்கள். அரபிக்கு முதலாளி, "பாப்போம்" என்றார். மாங்காய்க்கு டிரைவர் எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார். மூன்றாம் பந்தி முடிந்தது. நான் மூச்சு விடாமல் ஐந்தாம் பந்திக்குப் போய், ஆகவே சொற்களின் வரலாறு மக்களின் வரலாறே என்று முடித்து, பத்திரிகையை மடிக்கத் தொடங்கினேன்.

"பொறும் தம்பி, பொறும்." தோளுக்குப் பின்னாலிருந்து கிளாக்கர். அவரும் கூடவே வாசித்துக்கொண்டு வந்திருக்கிறார். "ஒரு பந்தியை விட்டிட்டீர். விடையே அதுக்குள்ளைதான் கிடக்கு. நான் சொன்ன கோதுமையும் அதுக்குள்ளைதான் வருது."

"நேரமாச்சு, பிறகு..."

"என்ன நேரம்? உமக்கு இண்டைக்கு அரை நாள்தானே?"

நான் அடுப்படிப் பக்கம் பார்த்திருக்கக்கூடாது. பார்த்துவிட்டேன். ரொட்டி நானாவின் கையில் வீச்சுக்குத் தயாராக ஒரு மா. அவர் என் முகத்தைப் பார்த்தார். அதிலேயே நாலாவது பந்தி முழுவதையும் வாசித்திருப்பார் என்று நினைக்கிறேன். மாவைப் பலகையில் மெதுவாக வைத்தார்.

"வாசிங்க தம்பி" என்றார். "எழுதினதை வாசிக்கத்தானே வேணும்."

வாசித்தேன். அன்பராவார் என்ற இடத்தில் என் குரல் கேட்டதா என்று தெரியாது. ஆனால் எல்லோருக்கும் விளங்கியது. டிரைவருக்கு விளங்கக் கொஞ்சம் நேரமெடுத்தது. யாரோ அவர் காதில் சிங்களத்தில் சொன்னார்.

"நானா, நீ கொச்சியா?"

"ஓம்."

"ஒரு வருசமா நான் வாறேன். ஒரு நாள் சொன்னியா?"

"நீங்க ரொட்டிதானே கேட்டீங்க. ஊரைக் கேக்கல்லையே."

இரண்டு பேர் சிரிக்கப் பார்த்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மடியிலிருந்த தட்டை, பாதி ரொட்டியோடு, வாங்கில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் போனார்கள். பஸ் புறப்படும் சத்தம் கேட்டது. கிளாக்கருக்கு அப்போதுதான் புரிந்தது. "ஐயோ தம்பி, எனக்கு ஒண்டும் தெரியாது" என்றார் மெல்ல.

முதலாளிக்கு மட்டும் இது புதினமில்லை. "அவன் எந்த ஊரெண்டு எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார், மீதியிருந்தவர்களுக்குக் கேட்கும்படி. "நான் அவனுக்கிட்டக் கேட்டது ரெண்டு கேள்வி. தொழுவியா? ரொட்டி போடுவியா? ரெண்டுக்கும் ஓமெண்டான்."

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கலகெதர பஸ் எதிரே நிற்கவில்லை. சந்தையின் அடுத்த மூலையில் போய் நின்றது. மற்ற பஸ்காரரும் அங்கேதான் போனார்கள். மத்தியானத்தில் கடை வாங்குகள் பாதி காலி. வியாழக்கிழமை முதலாளி என்னிடம், "ஒரு மாசம் பாப்போம் தம்பி. கடை ஓடல்லையெண்டா நான் என்ன செய்ய? அவனை அனுப்பத்தான் வேணும்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை.

ரொட்டி நானாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். உருண்டைகளை எண்ணெயில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பொய் எழுதினீங்களா?"

"இல்ல நானா."

"அப்ப எதுக்கு மன்னிப்பு?" இன்னும் இரண்டு உருண்டைகளைத் திருப்பினார். "ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதியிருக்கலாம்."

எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கந்தோர் விட்டதும் பஸ்கள் நிற்கும் மூலைக்குப் போய் டிரைவரைப் பிடித்தேன். அவருடைய மல்லியின் வேலையை எடுத்தது ரொட்டி நானா இல்லை என்றேன். அவர் ரொட்டி போடுகிறவர், வெர்க்‌ஷாப் ஆளில்லை என்றேன். கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். டிரைவர் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மாத்தயா, தெரியாம இருந்தா நான் இப்பவும் தின்னுவேன். நல்ல மனிசன், நல்ல ரொட்டி. தெரியவெச்சது ஆரு?"

துடைத்த துணியை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"தாள்ல கையெழுத்து இருக்கு. வீட்டுல மல்லி இருக்கான். அவன் முகத்துக்கு நான் என்ன சொல்ல? நீங்க எழுதிக் குடுங்க, நான் சொல்றேன்."

எழுதிக் கொடுக்க என்னிடம் ஒன்றுமிருக்கவில்லை. நடந்தே வாவியைச் சுற்றி வந்தேன், இரண்டு தடவை.

இரண்டாவது வாரத்தின் முடிவில், நான் கடையில் இருக்கும்போது, கலகெதர பஸ் பழையபடி எதிரே வந்து நின்றது. டிரைவர் இறங்கவில்லை. ஹோர்னை இரண்டு தரம் அடித்தார். கொண்டக்டர் இறங்கி ரோட்டைத் தாண்டி வந்து, படியில் ஏறாமல் நின்றார். அவர் தோட்டத்துப் பக்கத்துத் தமிழர், வாய்த்துடுக்கு உள்ளவர்.

"இந்தாங்க, கொச்சி ரொட்டி ரெண்டு. கட்டிக் குடுங்க."

கடைக்குள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொச்சி ரொட்டி என்று அந்தக் கடையில் யாரும் அதுவரை சொன்னதில்லை. முதலாளி மேசையைவிட்டு எழுந்தார். "என்ன பேச்சு அது?"

"நான் சொல்லலீங்க. டிரைவர் அப்பிடித்தான் கேக்கச் சொன்னாரு. கடைக்குள்ள போய் உக்காந்து தின்னக்கூடாதுன்னுதான் தாள்ல இருக்காம். கட்டிக்கிட்டுப் போறதப் பத்தி ஒண்ணும் போடலையாம். நான் நல்லா வாசிச்சுப் பாத்துட்டேன்னு சொல்றாரு."

"அவருக்கு வாசிக்கத் தெரியாதே" என்றேன்.

"அதனாலதான் நல்லா வாசிச்சிருக்காரு."

ரொட்டி நானா ஒரு கணம் பலகையில் கையூன்றி நின்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்குள் டிரைவர் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார், பஸ் ஓடிக்கொண்டிருப்பது போல.

"இருக்கு" என்றார் ரொட்டி நானா. "ரெண்டு போதுமா? பின்னேரமும் ஓடணுமே?"

"நாலாக் கட்டுங்க."

முறுக விட்டு, வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். மறுநாளும் ஹோர்ன். அதற்கு மறுநாள் வேறு இரண்டு பஸ்கள். ஒவ்வொரு கொண்டக்டரும் படிக்குக் கீழே நின்று கொச்சி ரொட்டி என்று கத்தினார்கள். முதல் நாள் அது ஒரு குத்தல். ஒரு வாரத்தில் குத்தல் தேய்ந்தது. இரண்டு வாரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கடைக்குள்ளே உட்கார்ந்தபடியே அப்படிக் கேட்டார்கள். பிறகு ஒரு நாள் முதலாளியே, கவனமில்லாமல், அடுப்படிப் பக்கம் திரும்பி, "இங்க கொச்சி மூணு" என்றார். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்தார். ரொட்டி நானாவின் தோள் குலுங்கியது. அவர் சிரித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கொழும்பு ஆசிரியரிடமிருந்து இன்னோர் அட்டை வந்திருந்தது. என் கட்டுரைக்கு நல்ல வரவேற்பாம், அதே போல் வேறொன்று எழுதி அனுப்பவேண்டுமாம். எழுத எனக்கு விஷயம் கிடைத்திருந்தது. ஒரு பெயர் எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் வாயிலிருந்து, என்ன காரணத்தால் பிறந்தது என்று இவ்வளவு திருத்தமாகத் தெரிந்தவன் என்னைத் தவிர யாருமில்லை. காரணத்தில் என் பெயரும் இருந்தது. அட்டையை அப்படியே புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். கிளாக்கர்கூடக் கேட்டார்: "என்ன தம்பி, இதுக்கு வேர் தேடேல்லையோ?" தேடவில்லை என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. அவருக்கும் அந்த வேரில் ஒரு பங்கிருந்தது.

முதலாளி கொடுத்த ஒரு மாதம் கழிந்தது. அவர் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. ஆனால் ரொட்டி நானா ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியை அடுப்படி மூலையில் கயிறு போட்டுக் கட்டியே வைத்திருந்தார். படிக்குக் கீழே நின்று வாங்குகிற ஆட்கள் நாளைக்கு வராமலும் போகலாம் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை. நான் வாசிப்பை முடித்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை. ஹோர்ன் சத்தம் கேட்டது, இரண்டு தரம். யாரும் வரவில்லை. மறுபடி இரண்டு தரம். கொண்டக்டர் அன்று வேலைக்கு வரவில்லை என்று பிறகு தெரிந்தது. கடைசியில் டிரைவரே தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார். படிக்குக் கீழே நின்றார். கூரையிலிருந்து வழிகிற தண்ணீர் முழுவதும் அவர் முதுகில் விழுந்தது.

"கொச்சி ரொட்டி ரெண்டு" என்றார், யாரையும் பார்க்காமல்.

ரொட்டி நானா ஓர் உருண்டையை எடுத்தார். அழுத்தினார். வீசினார். மடித்துக் கல்லில் போட்டார். அது பொங்கியது. பிறகு, எந்த ஆளிடமும் கேட்கிற மாதிரி, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"இருந்து தின்னுறதா? கட்டுறதா?"

கடையில் இருபது பேர் இருந்திருப்பார்கள். எல்லோரும் படிப்பக்கம் திரும்பினார்கள். டிரைவர் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். மழையைப் பார்த்தார். சாக்கைத் தலையிலிருந்து எடுத்துப் படியில் உதறினார்.

"இருந்துதான்" என்றார்.

உள்ளே வந்து, நான் உட்கார்ந்திருந்த வாங்கின் முன்னால் நின்றார்.

"தள்ளு மாத்தயா."

தள்ளி உட்கார்ந்தேன்.